வரிசையில் நிற்கும் நிரல்கள்

கணினியின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதுகிறார்கள். வெற்றிடக் குழாய், டிரான்சிஸ்டர், சில்லு என்று நீளும் அந்தக் கதையில் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதை வென்று செல்கிறது. அதே கதைக்குள் அதிகம் பேசப்படாத இன்னொரு வரலாறும் இருக்கிறது. அதைக் காத்திருப்பின் வரலாறு என்று சொல்லலாம். ஒரு செயலி ஒரு கணத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். இன்றைய சில்லுகளில் பல செயலிகள் சேர்ந்திருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் இதுவே விதி. கேட்டு நிற்கும் வேலைகளோ பல. யாரை முதலில் அழைப்பது, யாரைப் பாதியில் எழுப்பி அனுப்புவது, யாரை வாசலிலேயே நிறுத்தி வைப்பது? இயங்குதளத்தில் இதைத் தீர்மானிக்கும் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். அளவில் சிறிய நிரல்தான். ஆனால் யாருடைய நேரம் மதிப்புள்ளது என்ற தீர்ப்பு அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பு கடந்த எழுபது ஆண்டுகளில் எப்படியெல்லாம் மாறியது என்பதைப் பார்ப்போம்.

1950களில் இந்தக் கேள்விக்குத் தயக்கமற்ற ஒரு பதில் இருந்தது: இயந்திரத்தின் நேரமே மதிப்புள்ளது. ஐ.பி.எம். 704 போன்ற ஒரு கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டு, ஒரு பெரிய நிறுவனத்தால் மட்டுமே தாங்கக்கூடிய செலவில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு நிமிடம் சும்மா இருந்தாலும் பணம் விரயம். எனவே 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகமும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனமும் சேர்ந்து, ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் மேலாண்மை நிரல் ஒன்றை 704க்காக எழுதின. முதல் இயங்குதளம் என்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் சுட்டுவது இதைத்தான். நிரலாளர்கள் துளையட்டைக் கட்டுகளைச் சாளரத்தில் கொடுத்துவிட்டுப் போவார்கள். கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இயந்திரத்துக்குள் செல்லும். மறுநாள் அச்சிட்ட தாள் கைக்கு வரும். ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் தாளில் பிழைச்செய்தி மட்டுமே இருக்கும். அதைத் திருத்தி மீண்டும் வரிசையில் சேர்ந்தால் இன்னொரு நாள் போகும்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்.ஐ.டி.யில், இருந்த 704இன் நேரம் மூன்றாகப் பங்கிடப்பட்டிருந்தது. ஒரு பங்கு எம்.ஐ.டி.க்கு, ஒரு பங்கு நியூ இங்கிலாந்து பகுதியின் பிற கல்லூரிகளுக்கு, ஒரு பங்கு ஐ.பி.எம்.முக்கு. கணினி ஆய்வில் உலகின் முன்வரிசையில் நின்ற ஒரு கழகத்தின் ஆய்வாளர்களுக்குத் தங்கள் கணினியில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. அதிலும் ஒவ்வொருவரும் ஒருவருக்கொருவர் பின்னால் நின்றார்கள். எரிச்சல் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. தொழில்நுட்ப வரலாற்றில் எரிச்சலுக்கு உரிய இடத்தை யாரும் தருவதில்லை என்பது என் எண்ணம்.

1959ஆம் ஆண்டின் முதல் நாளன்று தேதியிட்டு, ஜான் மெக்கார்த்தி தம் கணினி மையத்தின் இயக்குநர் ஃபிலிப் மோர்ஸுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில், ஒவ்வொருவரும் தனக்கே உரியதுபோலப் பயன்படுத்த முடியும் என்பது அதன் சாரம். மனிதன் தட்டச்சு செய்வதற்கும் யோசிப்பதற்கும் எடுத்துக்கொள்ளும் நொடிகள் இயந்திரத்துக்கு ஒரு யுகம். அந்த இடைவெளியில் அது மற்றவர்களைக் கவனித்துவிட்டுத் திரும்பிவிடலாம். அதே ஆண்டு ஜூனில், பாரிஸில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் பிரிட்டனின் கிறிஸ்டஃபர் ஸ்ட்ரேச்சி ‘நேரப் பகிர்வு’ என்ற இதே சொல்லைத் தலைப்பில் தாங்கிய கட்டுரையை வாசித்தார். அவர் மனத்தில் இருந்தது சற்று வேறானது: ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் தம் நிரலின் பிழைகளைத் திருத்திக்கொள்வது. யார் முன்னோடி என்ற சர்ச்சை பின்னாளில் எழுந்தது. நமக்கு அது முக்கியமில்லை. இருவர் எழுத்திலும் மனிதனின் நேரம் கணக்கில் ஏறத் தொடங்கிவிட்டது என்பதே கவனிக்க வேண்டியது.

எழுதியதைச் செய்து காட்டியவர் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ. 1961 நவம்பரில் அவரும் மார்ஜரி மெர்வின் டாகெட், ராபர்ட் டேலி ஆகியோரும் ஐ.பி.எம். 709 ஒன்றில், ஒருசில தட்டச்சு முனையங்களை இணைத்து, நேரப் பகிர்வை இயக்கிக் காட்டினார்கள். சி.டி.எஸ்.எஸ். என்று பின்னர் அறியப்பட்ட அந்த இயங்குதளத்தைப் பற்றிய கட்டுரையை 1962 மே மாதம் வெளியிட்டார்கள். 1963இல் பாஸ்டன் தொலைக்காட்சி நிலையம் ஒன்று கொர்பாட்டோவைப் பேட்டி கண்டது. கழுத்தில் வில் முடிச்சுடன், பள்ளி ஆசிரியரின் பொறுமையோடு நேரப் பகிர்வை அவர் விளக்கும் அந்தப் படம் இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. தேடிப் பார்க்க வேண்டிய ஒன்று.

1962ஆம் ஆண்டுக் கட்டுரையின் இதயம் அதன் வரிசை முறை. அதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போதும். மூன்று வேலைகள் காத்திருக்கின்றன. ஒன்றுக்கு 40 நிமிடம், ஒன்றுக்கு 4 நிமிடம், ஒன்றுக்கு 1 நிமிடம் தேவை. வந்த வரிசைப்படி, 40 நிமிட வேலை முதலில் சென்றால் இரண்டாவது 40 நிமிடமும் மூன்றாவது 44 நிமிடமும் காத்திருக்கும். சராசரிக் காத்திருப்பு 28 நிமிடம். சிறியதை முதலில் விட்டால் காத்திருப்பு 0, 1, 5 நிமிடங்கள். சராசரி 2. எந்த இயந்திரத்தையும் மாற்றவில்லை, ஒரு ரூபாயும் செலவில்லை, வரிசையை மாற்றியதிலேயே இவ்வளவு வித்தியாசம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. எந்த வேலை சிறியது என்பதை ஓட்டிப் பார்க்காமல் எப்படி அறிவது? நிரலாளரைக் கேட்டால் எல்லோரும் தம்முடையது சிறியதென்றுதான் சொல்வார்கள்.

கொர்பாட்டோ குழுவினரின் தீர்வு, யாரையும் எதையும் கேட்பதில்லை என்பது. வரிசைகள் பல, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நினைவகத்தில் ஏற்றுவதற்கே நேரம் பிடிக்கும் பெரிய நிரலாக இல்லாவிட்டால், புதிதாக வருவது மேல் வரிசைகளில் சேரும். அங்கே அதற்கு ஒரு சிறு கால அளவு கிடைக்கும். அதற்குள் முடித்துக்கொண்டால் நல்லது. முடிக்காவிட்டால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். அங்கே இரு மடங்கு நேரம் கிடைக்கும், ஆனால் மேல் வரிசை காலியான பிறகுதான். அடுத்த படியில் நான்கு மடங்கு, அதற்கடுத்து எட்டு மடங்கு. யாருக்கு எவ்வளவு தேவை என்பது நடத்தையிலிருந்தே வெளிப்பட்டுவிடுகிறது. ஒரு வரியைத் திருத்திவிட்டுப் பதிலுக்காக முனையத்தில் அமர்ந்திருப்பவருக்கு உடனே பதில் வருகிறது. மணிக்கணக்கில் ஓட வேண்டிய கணக்கு ஆழத்தில் இறங்கிப் பொறுமையாக இருக்கிறது, அதன் முறை வரும்போது நீண்ட நேரம் இடையூறின்றி ஓடுகிறது. இவ்வளவு எளிய விதியிலிருந்து இவ்வளவு விவேகமான நடத்தை பிறப்பதை நான் எத்தனை முறை யோசித்தாலும் வியக்கிறேன். விண்டோஸ் உட்பட இன்றுவரை வந்த பல இயங்குதளங்களில் இந்த யோசனையின் சாயல் உண்டு. கொர்பாட்டோவுக்கு 1990இல் டூரிங் விருது கிடைத்தது. 2019இல் காலமானார்.

விதி எழுதப்பட்டதும் அதைச் சுற்றிச் செல்லும் வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. முனையத்தில் ஒரு விசையைத் தட்டினால் அங்கே மனிதர் ஒருவர் காத்திருக்கிறார் என்று கொண்டு, அவருடைய வேலையை மேல் வரிசைக்கு ஏற்றும் வழக்கம் சில இயங்குதளங்களில் இருந்தது. நீண்ட கணக்கொன்றை ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், சில நொடிகளுக்கு ஒருமுறை வெறுமனே விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் தம் வேலை வேகமாக முடிவதைக் கண்டு, நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாராம். பாடநூல்கள் விரும்பிச் சொல்லும் கதை இது. இதைவிடச் சுவையானது ஆலன் ஷெர்ரின் கதை. எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட மாணவராயிருந்த அவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் கணினி ஒதுக்கப்பட்டிருந்தது. அது போதவில்லை. 1962இல், எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிடும்படி துளையட்டை வழியே வேண்டுகோள் கொடுத்து, அச்சிட்டு வந்த தாளை எடுத்துக்கொண்டார். பிறர் கணக்குகளில் நுழைந்து அவர்கள் நேரத்தையும் பயன்படுத்தினார். கணினி வரலாற்றின் முதல் கடவுச்சொல் திருட்டு என்று பலரும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். திருடப்பட்டது பணமோ ரகசியமோ அல்ல, வரிசையில் இடம். ஷெர்ரின் ஆய்வேட்டின் பொருள் என்ன தெரியுமா? நேரப் பகிர்வுக் கணினிகளின் செயல்திறன்!

மேலிருப்பவர்களுக்கு எப்போதும் முதலிடம் என்றால் அடித்தளத்தில் இருப்பவரின் கதி என்ன? மேல் வரிசைகள் ஒருபோதும் காலியாகாவிட்டால் கீழே நிற்பவரின் முறை வரவே வராது. கணினியியலில் இதற்குப் ‘பட்டினி’ என்றே பெயர். 1973இல் எம்.ஐ.டி.யில் ஐ.பி.எம். 7094ஐ நிறுத்தியபோது, 1967இல் கொடுக்கப்பட்டு அதுவரை ஒருமுறைகூட ஓடாத ஒரு தாழ்நிலை வேலை வரிசையில் கிடந்ததாக இயங்குதளப் பாடநூல் ஒன்று சொல்கிறது. வதந்தி என்ற எச்சரிக்கையோடுதான் சொல்கிறது. நடந்திருக்க வாய்ப்புக் குறைவு என்றே நானும் நினைக்கிறேன். ஆயினும் அரை நூற்றாண்டாக மாணவர்கள் மறக்காத கதை அது. ஆறு ஆண்டுகள் யாரும் கூப்பிடாத ஒருவர் என்ற சித்திரத்தில் ஏதோ ஒன்று நம்மைத் தொடுகிறது. பட்டினிக்குக் கண்ட மருந்தின் பெயரும் மனித வாழ்விலிருந்து வந்ததே: ‘மூப்பு’. காத்திருக்கக் காத்திருக்க ஒரு வேலையின் தகுதி சிறிது சிறிதாக உயரும். இறுதியில் அதன் முறை வந்தே தீரும்.

முன்னுரிமை என்பது அநீதியின் மறுபெயர் என்று இதைக்கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. அது உயிர் காத்த தருணமும் உண்டு. அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டுக் கணினிக்கு ஹால்கோம் லேனிங் 1960களின் நடுவில் வடிவமைத்த ஷெட்யூலர் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண்ணைக் கொடுத்தது. எண் உயர்ந்த வேலை வந்தால் தாழ்ந்தது வழிவிட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே நிலையான நேரத்தை ஒதுக்கிவிடும் கண்டிப்பான முறையைவிட இது அன்று துணிச்சலானது. 1969 ஜூலை 20 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் நிலவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கணினித் திரையில் 1202 என்ற எச்சரிக்கை ஒளிர்ந்தது. வேலைகளை வைக்க இடமில்லை என்பது அதன் பொருள்.

காரணம் பின்னர்தான் தெளிவாயிற்று. இறக்கத்துக்குத் தேவையே இல்லாத ஒரு ராடாரின் மின்னிணைப்பில் இருந்த பொருத்தமின்மையால், அதிலிருந்து பொருளற்ற துடிப்புகள் கணினிக்குள் வந்துகொண்டேயிருந்தன. அவற்றை எண்ணுவதிலேயே செயலியின் நேரத்தில் ஏறக்குறைய 13 சதவீதம் கரைந்தது. இரண்டு நொடிக்கு ஒருமுறை தொடங்க வேண்டிய வழிகாட்டுக் கணக்கு, முந்தையது முடியுமுன்பே மீண்டும் தொடங்கியது. முடியாத வேலைகள் குவிந்தன. அந்தக் கணத்தில் கணினி செய்ததுதான் முக்கியம். அது எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டுத் தன்னை மறுபடி தொடங்கிக்கொண்டது. எந்திரத்தை இயக்குவது, கலத்தின் நிலையைக் காப்பது போன்ற இன்றியமையாதவற்றை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. ஆல்ட்ரின் கேட்டிருந்த திரைக் காட்சியைப் போன்றவற்றைக் கைவிட்டது. ஹூஸ்டனில் இருந்த ஸ்டீவ் பேல்ஸும், எச்சரிக்கை எண்களின் கையெழுத்துப் பட்டியலை வைத்திருந்த 24 வயது ஜாக் கார்மனும் சில நொடிகளில் தொடரலாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதேபோன்ற எச்சரிக்கையைக் கண்டு பேல்ஸ் தரையிறக்கத்தை ரத்து செய்திருந்தார். அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் கார்மனின் பட்டியல். எச்சரிக்கை மேலும் சில முறை வந்தது. கலம் இறங்கியது.

எதைக் கைவிடுவது என்று முன்பே யோசித்து வைத்திருந்தவர்களின் வெற்றி அது. ஆனால் படிநிலை அமைப்புக்கு ஒரு பலவீனமும் உண்டு. அது வெளிப்பட்டதும் விண்வெளியில்தான், 28 ஆண்டுகளுக்குப் பிறகு.

1997 ஜூலை 4 அன்று மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. படங்கள் வந்தன, உலகம் கொண்டாடியது. சில நாட்களில் கலத்தின் கணினி அவ்வப்போது தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்ள ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய வேலைகளில் எஞ்சியவை மறுநாளுக்குத் தள்ளிப்போயின. உள்ளே நடந்தது இதுதான். தகவல் பாதையை நிர்வகிக்கும் உயர்நிலைப் பணி ஒன்று; வானிலைத் தரவைச் சேகரிக்கும் தாழ்நிலைப் பணி ஒன்று. இரண்டும் ஒரே பொதுவளத்தைப் பயன்படுத்தின. ஒரு சமயத்தில் ஒருவர்தான் பயன்படுத்தலாம் என்பதற்காக அதற்கு ஒரு பூட்டு. சாவி தாழ்நிலைப் பணியின் கையில் இருக்கும்போது உயர்நிலைப் பணி வந்தால் சிறிது காத்திருக்க வேண்டும். அது இயல்புதான். ஆனால் அந்த நேரம் பார்த்து, இவற்றோடு சம்பந்தமில்லாத இடைநிலைப் பணிகள் வந்து சேர்ந்தன. இடைநிலை தாழ்நிலையைவிட மேலானது. ஆகவே தாழ்நிலைப் பணி சாவியோடு ஒதுக்கப்பட்டது. சாவிக்காக உயர்நிலைப் பணி காத்து நின்றது. அரசன் வாசலில் நிற்க, சாவி வைத்திருக்கும் வேலைக்காரனை நடுநிலை அதிகாரிகள் வழிமறித்துக்கொண்டிருந்தார்கள். உயர்நிலைப் பணி தன் நேரத்துக்குள் முடியாததைக் கவனித்த காவல் நிரல், ஏதோ பெரும் கோளாறு என்று எண்ணிக் கணினியை மறுபடி தொடங்கியது.

முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்ற இந்த நிலையை ஜெராக்ஸ் ஆய்வகத்தின் பட்லர் லாம்சனும் டேவிட் ரெடெலும் 1980லேயே எழுதியிருந்தார்கள். முறையான தீர்வை 1990இல் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவரும் ஒரு கட்டுரையில் விரிவாக நிறுவினார்கள். இவர்களில் ராஜ்குமார் 1984இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டம் பெற்று, பிட்ஸ்பர்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். தீர்வின் பெயர் முன்னுரிமை மரபுரிமை. உயர்ந்தவர் ஒருவர் தாழ்ந்தவரிடம் உள்ள சாவிக்காகக் காத்திருந்தால், சாவியைத் திருப்பித் தரும்வரை தாழ்ந்தவருக்கு உயர்ந்தவரின் தகுதி வந்துவிடுகிறது. நடுவில் யாரும் வழிமறிக்க முடியாது.

பாத்ஃபைண்டரின் வி.எக்ஸ்.வொர்க்ஸ் இயங்குதளத்தில் இந்த வசதி ஏற்கெனவே இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அது இயக்கப்படாமல் இருந்தது. பொறியாளர்கள் பூமியில் இருந்த நகல் கலத்தில் கோளாறை வரவழைத்துப் பார்த்து, காரணத்தைக் கண்டு, திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். மறுதொடக்கங்கள் நின்றன. மென்பொருள் குழுவின் தலைவர் கிளென் ரீவ்ஸ் பின்னர் எழுதிய விளக்கத்தில் ஒரு செய்தி இருக்கிறது. இந்தக் கோளாறு புறப்படுமுன் சோதனைகளிலேயே தலைகாட்டியிருந்தது. ஆனால் தேடியபோது மீண்டும் வரவில்லை. தரையிறங்கும் மென்பொருளே அப்போது எல்லோர் கவனத்தையும் எடுத்துக்கொண்டிருந்ததால் இதற்குத் தாழ்ந்த முன்னுரிமை தரப்பட்டது. அவர் அதை மறைக்கவில்லை. அதைக் குற்றமாகவும் என்னால் கருத முடியவில்லை. தரையிறங்காத கலத்தில் வானிலைத் தரவைச் சேகரிக்க முடியாது.

இத்தனைக்கும் நடுவே, படிநிலையே வேண்டாம், எல்லோருக்கும் சமபங்கு என்ற குரலும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அண்மைக்காலத்தில் அதை உரக்க ஒலித்தவர் தொழில்முறைக் கணினியாளர் அல்ல, ஆஸ்திரேலியாவின் மயக்க மருத்துவர் கான் கோலிவாஸ். லினக்ஸ் பெரிய சேவையகங்களின் தேவையையே கருதி வடிவமைக்கப்படுகிறது, வீட்டில் ஒற்றைக் கணினியில் பாட்டுக் கேட்பவரின் ஒலி விக்குவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை என்பது அவர் மனக்குறை. 2007இல் நேர்மையான சமபங்கை அடிப்படையாகக் கொண்ட ஒரு ஷெட்யூலரை எழுதி முன்வைத்தார். லினக்ஸ் ஏற்றுக்கொண்டது அதையல்ல, அதே கருத்தில் இங்கோ மோல்னார் எழுதிய வேறொன்றை. சமபங்கு சாத்தியம் என்று காட்டியவர் கோலிவாஸ் என்று மோல்னார் தம் அறிவிப்பில் குறிப்பிட்டார். கோலிவாஸ் மனம் கசந்து விலகினார். 2009இல் புதியதொரு ஷெட்யூலருடன் திரும்பி வந்தபோது, லினக்ஸின் மைய வாசலில் அதை நீட்டாமல், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று தனியே வைத்துவிட்டார்.

மோல்னாரின் ஷெட்யூலர் 2007 அக்டோபரில் லினக்ஸ் 2.6.23இல் சேர்ந்தது. ஒவ்வொரு பணியும் இதுவரை எவ்வளவு நேரம் பெற்றது என்று கணக்கு வைத்து, மிகக் குறைவாகப் பெற்றதை அடுத்து அழைப்பது அதன் முறை. பதினாறு ஆண்டுகள் அது உலகின் பெரும்பாலான சேவையகங்களையும் ஆண்ட்ராய்டு கைபேசிகளையும் ஓட்டியது. குறைவாகப் பெற்றவரைக் கண்டுகொள்வதில் அது தேர்ந்தது. ஆனால் சிலருக்கு அதிக நேரம் வேண்டியதில்லை, கிடைக்கும் சிறு நேரம் உடனே கிடைத்தால் போதும் என்ற தேவையைச் சொல்ல அதில் நல்ல வழியில்லை. 2023 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 6.6இல், பங்கோடு கெடுவையும் சேர்த்துப் பார்க்கும் இன்னொரு முறை அதன் இடத்துக்கு வந்தது. அயான் ஸ்டொய்காவும் ஹுசைன் அப்தெல்வஹாபும் 1995இல் எழுதிய ஆய்வறிக்கை ஒன்றில் இருந்து எடுக்கப்பட்டது அது.